பழைய டில்லர், குட்டி டிராக்டர்: பெங்களூரில் தேடி வாங்கிச் சீராக்கி உழுவதற்குப் பயனுள்ள குறிப்புகள்

ஆனேக்கல், கனகபுரா, தொட்டபள்ளாபுரா, ஓசூர் பக்கம் அரை ஏக்கரோ ஓர் ஏக்கரோ வைத்துக்கொண்டு, சனி ஞாயிறில் போய் மாமரத்துக்குப் பாத்தி கட்டுவதும் கேழ்வரகு விதைப்பதுமாக இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பெங்களூரில் ஏராளம். அந்த நிலத்துக்குப் புது டிராக்டர் பெரிய செலவு. வாடகை டிராக்டரோ மழை பெய்த மறுநாள் யாருக்கும் கிடைக்காது. பழைய டில்லரையோ குட்டி டிராக்டரையோ வாங்கிச் சீராக்கிக்கொண்டால் உழவும் நடக்கும், கைக்கும் மனதுக்கும் நல்ல வேலையும் கிடைக்கும்.

அமெரிக்காவில் 1961-ல் வந்த கப் கேடட், 1963-ல் வந்த ஜான் டியர் 110 போன்ற பழைய தோட்ட டிராக்டர்களைத் தேடிப் பிடித்துச் சீராக்குவது பலருக்கும் பிடித்த பொழுதுபோக்கு. நம் ஊரில் அந்த இடம் பவர் டில்லருக்கும் இருபத்தைந்து குதிரைத்திறன்வரை உள்ள டிராக்டருக்கும் உரியது. இவற்றைச் சேகரிக்கத் தென்னிந்தியாவில் பெங்களூரைவிட நல்ல ஊர் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். டில்லர் செய்த கம்பெனி இங்கே, உதிரிபாகத் தெரு இங்கே, கடைசல் பட்டறையும் இங்கே. வாங்குவது மண்ணில் இறங்கி உழ வேண்டும் என்பதை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

1. முதல் வண்டி டில்லராக இருக்கட்டும். வி.எஸ்.திருவேங்கடசாமி முதலியார் 1911-ல் தொடங்கிய வி.எஸ்.டி. குழுமம், 1967-ல் ஜப்பானின் மிட்சுபிஷியோடு கைகோத்துப் பெங்களூரில் டில்லர் கம்பெனியைத் தொடங்கியது. அவர்களுடைய சக்தி டில்லரில் இருப்பது படுக்கைவாட்டில் அமைந்த ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். தண்ணீரில் குளிர்வது, கைப்பிடி சுற்றிக் கிளப்புவது. திறந்தால் எல்லாமே கண்ணுக்குத் தெரியும். எலக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது. கேரளத்தில் அத்தாணியில் உள்ள காம்கோவின் குபோட்டா வகை டில்லரும் நல்ல இயந்திரம். ஆனால் பெங்களூரில் வி.எஸ்.டி.க்குக் கிடைப்பதுபோல அதற்குப் பாகங்கள் கிடைக்காது.

2. உட்கார்ந்து ஓட்டுவதுதான் வேண்டும் என்றால், அரிதானதைத் தேடாதீர்கள், பாகம் கிடைப்பதைத் தேடுங்கள். வி.எஸ்.டி.யின் எம்.டி. 180 டி, மூன்று சிலிண்டரும் 18.5 குதிரைத்திறனும் கொண்ட குட்டி வண்டி. தென்னை வரிசைக்கு நடுவில் தாராளமாகப் போகும். எச்.எம்.டி. தன் பிஞ்சோர் ஆலையில் 1971 முதல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஸீட்டர் நுட்பத்தில் செய்த 2511, இருபத்தைந்து குதிரைத்திறன் உள்ளது. எச்.எம்.டி. டிராக்டர் உற்பத்தி நின்றுபோய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டாலும் லூதியானா, ராஜ்கோட் பட்டறைகள் பழைய டிராக்டர்களுக்குப் பாகம் செய்துகொண்டுதான் இருக்கின்றன. ஐஷரின் ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் வண்டியில் ரேடியேட்டர் தொல்லையே இல்லை. மாசி பெர்குசன் என்றால் 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே. அதன் பாகம் எந்தத் தாலுகா ஊரிலும் கிடைக்கும்.

3. வாங்குவதற்கு முன் கண்ணைப் பழக்குங்கள். ஜாலஹள்ளியில் 2019-ல் திறந்த எச்.எம்.டி. பாரம்பரிய மையத்துக்குப் போனால் கைக்கடிகாரங்களோடு அந்த நிறுவனம் செய்த டிராக்டரையும் பார்க்கலாம். ஜி.கே.வி.கே. வளாகத்தில் வேளாண் பல்கலைக்கழகம் வழக்கமாக நவம்பரில் நடத்தும் கிருஷி மேளாவில் புது டில்லர்கள் வரிசையாக நிற்கும். புதியது எப்படிச் சத்தம் போடுகிறது, கிளட்ச் எவ்வளவு இளக்கமாக இருக்கிறது என்பதைக் கேட்டும் தொட்டும் தெரிந்துகொண்டால், பழையதன் குறை தானாகப் புலப்படும்.

4. தேட வேண்டிய இடம் கிராமத்து மாட்டுக்கொட்டகை. மகன்கள் நகரத்துக்கு வந்துவிட்ட வீடுகளில் தார்ப்பாய்க்கு அடியில் டில்லர் தூங்கும். டீக்கடையில் விசாரியுங்கள். இரண்டாவது இடம் குஜ்ரி கடை. நம் ஊரில் காயலான் கடை என்போமே, அதுதான். அங்கே எடைக்கு விலை. அன்றைய இரும்பு விலையைத் தெரிந்துகொண்டு போனால் எந்த வண்டிக்கும் அடிமட்ட விலை என்ன என்பது கையில் இருக்கும். பணம் இடம்கொடுத்தால் அதே மாதிரியில் ஓடாத வண்டி ஒன்றையும் சேர்த்து வாங்கிப் போடுங்கள். கியர், லீவர், மூடி, தகடு என்று நீங்கள் தனியாகத் தேடி அலையும் பாகங்கள் எல்லாம் அதில் இருக்கும்.

5. பழைய எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் பார்க்க வேண்டும். “நான் வருவதற்கு முன்னால் கிளப்பி வைக்காதீங்க அண்ணா” என்று விற்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சின்மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் கிளம்பச் சிரமப்படும் வண்டி என்று எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பிய பின் புகையைக் கவனியுங்கள். நீலப்புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. ரிங்கும் போரும் தேய்ந்திருக்கலாம். வெண்புகை நிற்காவிட்டால் அழுத்தம் குறைவு அல்லது நாசில் கோளாறு. கரும்புகைக்குக் காற்று வடிகட்டி அடைத்திருப்பதே பல நேரம் காரணம், அது சின்ன வேலை. ஆயில் குச்சியில் மோர்போல வெளுத்த ஆயில் தெரிந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. விலையைப் பாதியாகக் கேளுங்கள், இல்லையென்றால் திரும்பிவிடுங்கள்.

6. காகிதம். டிராக்டர் என்றால் ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் தேய்த்துப் பார்த்துச் சரிபாருங்கள். வங்கிக் கடன் பதிவு நீங்காமல் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் தேவை. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து வாங்கிக் கர்நாடகப் பதிவுக்கு மாற்றப் போகிறீர்கள் என்றால் அங்குள்ள ஆர்.டி.ஓ.விடமிருந்து படிவம் 28 வாங்காமல் பணத்தை முழுதாகக் கொடுக்காதீர்கள். 2021-ல் வந்த விண்டேஜ் வாகன விதி ஐம்பது வயது தாண்டிய இருசக்கர வாகனங்களுக்கும் கார்களுக்கும்தான். டிராக்டருக்கு அந்தச் சலுகை இல்லை என்பதால் பழைய ஆர்.சி.யின் மதிப்பு இன்னும் அதிகம். டில்லர்கள் பலவும் அரசு மானியத்தில் வாங்கியவை. முதல் பில்லும் மானியக் கடிதமும் இருந்தால் கேட்டு வாங்கி வையுங்கள்.

7. டில்லரை வீட்டுக்குக் கொண்டுவரக் குட்டி யானை போதும். ரோட்டரியோடு சேர்த்து நானூறு கிலோ அளவில்தான் இருக்கும். கைப்பிடியில் கயிறு கட்டாதீர்கள், வளைந்துவிடும். அச்சிலும் முன் பம்பரிலும் கட்டுங்கள்.

8. பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுங்கள். போல்ட்டுகளை முட்டை அட்டையில் கழற்றிய வரிசையிலேயே வையுங்கள். ஸீட்டர், மிட்சுபிஷி வகைகளில் மில்லிமீட்டர் மரை. பழைய பெர்குசனில் அங்குல மரை. ஒன்றில் மற்றொன்றைத் திணித்து முறுக்கினால் வார்ப்பிரும்பில் மரை போய்விடும், அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

9. பழைய கிளட்ச் தட்டிலும் பிரேக் லைனரிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்தத் தூசியைக் காற்று அடித்து ஊதவே கூடாது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். குழந்தைகள் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

10. பிஸ்டன் பிடித்துக்கொண்டிருந்தால் சுத்தியல் எடுக்காதீர்கள். நாசிலைக் கழற்றி, அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சம அளவு கலந்து சிலிண்டருக்குள் ஊற்றுங்கள். படுக்கைவாட்டு எஞ்சின் என்றால் ஹெட்டைக் கழற்றி, சிலிண்டர் வாய் மேலே பார்க்கும்படி சாய்த்து நிறுத்தி ஊற்ற வேண்டும். சில நாள் ஊறட்டும், தினமும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டே இருங்கள். பிறகு பிளைவீலை முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். ஒரு நூல் அசைந்தாலும் வெற்றிதான், அவசரப்படாமல் தொடருங்கள்.

11. துருவுக்கு இரண்டு வீட்டு வைத்தியம். ஒன்று, மாட்டுத் தீவனக் கடையில் கிடைக்கும் மொலாசஸ். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, பிளாஸ்டிக் டிரம்மில் பாகங்களை முழுக விட்டால் இரண்டு மூன்று வாரத்தில் துரு கரைந்து நல்ல இரும்பு மட்டும் நிற்கும். நாற்றம் வரும், ஆகவே தோட்டத்தில் வையுங்கள். அலுமினியப் பாகத்தை அதில் போடாதீர்கள், அரித்துவிடும்.

இன்னொன்று மின்சார முறை. பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீரில் சலவை சோடா, நான்கு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைத் துருப்பிடித்த பாகத்திலும், நேர்முனையை வேண்டாத இரும்புத் தகட்டிலும் இணையுங்கள். இரண்டும் தொட்டுக்கொள்ளக் கூடாது. முனையை மாற்றிவிட்டால் உங்கள் பாகம்தான் கரையும். தகடாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் போடாதீர்கள், குரோமிய நஞ்சு தண்ணீரில் கலக்கும். சமையல் உப்பும் வேண்டாம், குளோரின் வாயு வரும். சரியாகச் செய்தாலும் ஹைட்ரஜன் கிளம்பும் என்பதால் வெட்டவெளியில்தான் இந்த வேலை. பால்கனியிலோ அடித்தளக் கார் நிறுத்தத்திலோ செய்ய வேண்டாம். எடுத்ததும் கழுவித் துடைத்து உடனே எண்ணெய் பூசுங்கள், ஒரு மணி நேரம் விட்டால்கூடப் புதுத்துரு பூக்கும்.

12. டீசல் வழி. டேங்கைக் கழற்றி எலுமிச்சை உப்புக் கரைசல் ஊற்றி ஊறவைத்து, ஒரு கைப்பிடி நட்டுகள் போட்டுக் குலுக்கினால் உள்துரு விழும். பில்டரை மாற்றியதும் குழாயில் காற்று தங்கும். பில்டரின் காற்றுத்திருகு, பிறகு பம்ப், கடைசியில் நாசில் இணைப்பு என்ற வரிசையில் இளக்கி, குமிழி நின்றதும் இறுக்குங்கள். ஓடும் எஞ்சினில் டீசல் கசிகிறதா என்று விரலால் தடவவே தடவாதீர்கள். நாசில் அழுத்தத்தில் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்; விரலையே எடுக்கும் நிலை வரலாம். அட்டைத்துண்டைக் காட்டிப் பாருங்கள். பம்பும் நாசிலும் மட்டும் காலிபரேஷன் கடைக்குப் போகட்டும், அது வீட்டில் செய்கிற வேலை இல்லை.

13. பெட்ரோல் எஞ்சின் வண்டியா? இப்போது பங்கில் வருவது இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாயும் கார்புரேட்டர் வாஷரும் அதில் ஊதி இளகிவிடும். எத்தனால் தாங்கும் குழாய்க்கு மாற்றுங்கள். நிறுத்தி வைக்கும்போது கார்புரேட்டரைக் காலி செய்துவிடுங்கள்.

14. இந்தப் பொழுதுபோக்கில் அதிகம் பணம் மிச்சமாவது இங்கேதான். வண்டிப் பெயரைச் சொல்லிப் பேரிங் கேட்காதீர்கள், எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பேரிங்கின் விளிம்பில் எண் பொறித்திருக்கும். 6205 என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். டில்லரில் இருந்தாலும் மோட்டார் பம்பில் இருந்தாலும் அது ஒன்றே. ஆயில் சீலிலும் அப்படித்தான்: 35, 52, 7 என்றால் தண்டு, அது உட்காரும் குழி, தடிமன். வி-பெல்ட்டில் எழுத்தும் நீளமும் அச்சிட்டிருக்கும். இந்த எண்களைக் குறித்துக்கொண்டு ஜே.சி.ரோடு, எஸ்.பி.ரோடு, கலாசிபாளையம் என்று ஒரு சுற்று வந்தால், “அந்த வண்டிக்கு இப்ப பாகம் வர்றதில்லை” என்று மெக்கானிக் கைவிரித்த பாதிப் பொருள்கள் பைக்குள் இருக்கும். எண் அழிந்திருந்தால் பழைய பாகத்தையே கொண்டுபோங்கள். கடைக்காரர் வெர்னியரில் அளந்து கொடுப்பார். கடைகளில் தமிழ் பேசும் ஆட்கள் நிறைய. ஆனாலும் இரண்டு வார்த்தை கன்னடத்தில் பேசித் தொடங்குங்கள். உள்ளே போய்ப் பழைய ஸ்டாக்கைத் தேடிப் பார்க்கிற மனம் வரும்.

பெல்ட்டுகளில் ஒன்று அறுந்தாலும் எல்லாவற்றையும் தொகுப்பாக மாற்றுங்கள். பழையதும் புதியதும் நீளம் ஒத்துவராது, புதியதே முழு இழுவையையும் சுமந்து சீக்கிரம் அறும்.

15. எங்குமே கிடைக்காத பாகத்துக்குப் பீன்யா இருக்கிறது. போர் அடிப்பது, லைனர் இறக்குவது, தேய்ந்த தண்டுக்கு உலோகம் ஏற்றிக் கடைவது, கியர் வெட்டுவது, சூட்டுப்பதம் கொடுப்பது எல்லாமே அங்கே சின்னச் சின்னப் பட்டறைகளில் நடக்கும். ஆனால் ஒற்றைப் பாகத்துக்கு அவர்களின் நேரம் கிடைப்பது கஷ்டம். வாரக்கடைசிக்கு முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். புஷ் கடையக் கொடுத்தால், அது உட்காரும் தண்டையும் கூடவே கொடுங்கள். காகிதத்தில் எழுதிய அளவைவிட எதிர்ப்பாகத்தில் போட்டுப் பார்த்துக் கடைந்தது நன்றாகப் பொருந்தும்.

16. கியர் பெட்டிக்கு எஸ்.ஏ.இ. 90 ஆயில். டப்பாவில் ஜி.எல்.-4 என்று இருக்கட்டும். ஜி.எல்.-5 விலை கூடியது, ஆனால் அதில் சேர்க்கும் கந்தகக் கூட்டு பழைய வண்டிகளின் வெண்கலப் புஷ்ஷை அரிக்கும்.

17. ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெங்களூரின் ஆழ்துளைத் தண்ணீரில் உப்பு அதிகம். கெட்டிலில் படிகிற அதே வெள்ளைப்படிவு எஞ்சின் நீர்வழியையும் அடைக்கும். மழைநீர் சேமிப்பு கட்டாயமான ஊர் இது. வடிகட்டிய மழைநீரை இரண்டு கேன் பிடித்து வைத்தாலே வருடம் முழுதும் காணும்.

18. பெயின்ட் கடைசி வேலை. ஒரு பருவம் உழுத பிறகு அடியுங்கள். முதலில் பெயின்ட் அடித்தால் கசிவு எங்கே என்று தெரியாது, திரும்பப் பிரிக்கும்போது எல்லாம் உதிரும். மூலப் பெயின்ட் முக்கால்வாசி நன்றாக இருந்தால் கழுவி மெழுகு பூசி அப்படியே விட்டுவிடுங்கள் என்பதே என் யோசனை. கம்பெனித் தகடும் எண் பொறித்த இடமும் பெயின்ட்டில் மூடிவிடக் கூடாது.

19. கைப்பிடி சுற்றிக் கிளப்பும்போது கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களின் பக்கமே வையுங்கள், கைப்பிடியைச் சுற்றி மடக்காதீர்கள். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் விரல் உடையாமல் கை விலகும். அழுத்தம் விடுவிக்கும் லீவரைப் பிடித்துக்கொண்டு வேகம் ஏறும்வரை சுற்றி, பிறகு லீவரை விடுங்கள். கிளம்பியதும் கைப்பிடி தானாகக் கழன்று வரும்; அதை நடுவில் கைவிட்டால் பறந்து அடிக்கும்.

20. இறக்கத்தில் டில்லர் எதிர்ப்பக்கம் திரும்பும். புதிதாக ஓட்டுபவர்கள் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சமதளத்தில் இடது ஸ்டியரிங் கிளட்சைப் பிடித்தால் இடது சக்கரத்துக்கு ஓட்டம் நிற்கும், வலது சக்கரம் தள்ளும், வண்டி இடதுபக்கம் திரும்பும். சரிவில் இறங்கும்போது எஞ்சின்தான் இரண்டு சக்கரத்தையும் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. அங்கே இடது கிளட்சைப் பிடித்தால் இடது சக்கரம் அந்தப் பிடியிலிருந்து விடுபட்டு வேகமாக உருளும், வண்டி வலதுபக்கம் திரும்பும். கனகபுரா, ராமநகரா பக்கத்துச் சரிவு நிலங்களில் வரப்பு ஓரத்தில் இப்படித் திரும்பினால் மேலேயே விழும். இறக்கத்தில் சின்ன கியர் போட்டு, கிளட்சைத் தொடாமல், கைப்பிடியை உடலால் தள்ளித் திருப்புங்கள். டிரெய்லர் மாட்டியிருந்தால் இன்னும் மெதுவாக. முதல்நாளே காலி நிலத்தில், லேசான சரிவில் இதைச் செய்து பார்த்துவிடுங்கள். அப்போதுதான் கை தானாகச் சரியானதைச் செய்யும்.

21. துப்பட்டா, சேலை முந்தானை, வேட்டி எதுவும் சுழலும் தண்டுக்குப் பக்கத்தில் வரக் கூடாது. ரோட்டரியில் வேர் சிக்கினால் எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், நியூட்ரல் போதாது. பழைய டிராக்டர்களில் கவிழ்ந்தால் காக்கும் சட்டம் கிடையாது. மரக்கட்டையோ மாட்டிக்கொண்ட வண்டியையோ இழுக்க நேர்ந்தால் சங்கிலியைக் கீழே உள்ள இழுவைக் கம்பியில் மட்டும் மாட்டுங்கள். அச்சுக்கு மேலே மாட்டி இழுத்தால் முன்சக்கரம் தூக்கி, குதிப்பதற்குக்கூட நேரம் தராமல் பின்னால் கவிழும்.

22. செம்மண்ணை எப்போது உழுவது? ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். உடைந்து சிதறினால் உழலாம். உருண்டையாகவே கிடந்தால் இன்னும் ஈரம், இரண்டு நாள் பொறுங்கள். உருட்டவே வராவிட்டால் காய்ந்துவிட்டது. கத்திகள் சீக்கிரம் தேயும், தூசி எஞ்சினுக்குள் போகும். ஏப்ரல், மே மாதக் கோடைமழையில் முதல் உழவு, ஜூன், ஜூலையில் கேழ்வரகுக்கு அடுத்த உழவு என்பது இந்தப் பக்கத்துக்குப் பொருந்தும். ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் ரோட்டரி ஓட்டினால் அடியில் கெட்டித்தட்டு உருவாகித் தண்ணீர் இறங்காது. நடுவில் ஒருமுறை கொத்துக்கலப்பை போடுங்கள். கத்திகளில் இடது, வலது என்று உண்டு, மாற்றி மாட்டினால் வண்டி ஒருபக்கம் இழுக்கும். ஆயில் தொட்டி வகைக் காற்று வடிகட்டியை உழவு நாளில் மாலையில் திறந்து பாருங்கள். அடியில் சேறு தேங்கியிருந்தால் கழுவி, புது ஆயில் ஊற்றுங்கள்.

23. சும்மா நிற்கும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளப்பி, நன்றாகச் சூடாகும்வரை நிலத்தில் ஓட்டுங்கள். ஐந்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்தினால் உள்ளே ஈரம் தங்கி அதுவே துருவாகும். டேங்க்கை நிரப்பி வையுங்கள், காலி டேங்கில் வியர்வைத் தண்ணீர் சேரும். நிறுத்தியபின் கைப்பிடியைச் சுற்றி அழுத்தம் உணரும் இடத்தில் விடுங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்கும், சிலிண்டருக்குள் ஈரக்காற்று போகாது. புகைக்குழாய் வாயில் தகர டப்பா கவிழ்த்து, காற்று வடிகட்டி வாயைத் துணியால் கட்டுங்கள். எலி அங்கேதான் கூடு கட்டும். கிளப்பும் முன் இரண்டையும் எடுக்க மறக்காமலிருக்கக் கைப்பிடியில் ஒரு சிவப்புத்துணி கட்டி வையுங்கள்.

24. ஒரு வண்டிக்கு ஒரு நோட்டு. போட்ட பேரிங், சீல், பெல்ட் எண்கள், வாங்கிய கடை, கடைந்த அளவு, ஆயில் மாற்றிய தேதி, ஓடிய மணிநேரம் எல்லாம் எழுதுங்கள். எண்ணெய்க் கறைபட்டாலும் அழியாதபடி பென்சிலால் எழுதி, நோட்டை வண்டியின் கருவிப்பெட்டியிலேயே பிளாஸ்டிக் உறையில் வையுங்கள்.